திருந்தியவன் உள்ளே இருக்கிறான்

விடுதலையான அன்று சிறை வாசலில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வரலியா?" என்பதுதான்.

அம்மா செத்து மூன்று வருடம் ஆகிறது. அதை நானே அவனிடம் சொல்லியிருந்தேன். சொன்னபோது அவன் திரையில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அடுத்த முறை போனபோது மொட்டை போட்டிருந்தான். "என்னால வேற என்ன செய்ய முடியும் பாப்பா?" என்றான். அந்த மொட்டைத் தலையைப் பார்த்த பிறகுதான் அவன்மேல் எனக்கிருந்த கோபம் அடங்கியது.

"என்ன முழிக்கிற? அம்மாவுக்கு ஒடம்பு முடியலியா?"

"உங்கிட்ட சொன்னேனேண்ணா."

"எப்பச் சொன்ன? நீ எங்க வந்த என்னப் பாக்க? ஏழு வருஷத்துல ஒரு தடவ வந்திருப்பியாடி?"

மாதம் தவறியதில்லை. சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை எங்கள் பக்கம் மனு போடுவது என்பார்கள். பழைய காலத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் கைதியும் இந்தப் பக்கம் சொந்தக்காரர்களும் நின்று, ஒருவர் சத்தத்துக்கு மேல் ஒருவர் கத்துவார்களாம். இப்போது அப்படி இல்லை. சிறைச் சுவரை ஒட்டி மனு மையம் கட்டியிருக்கிறார்கள். ஏ.சி. அறை, மெத்தை நாற்காலி, எதிரே ஆள் உயரத் திரை. பேரைச் சொல்லிக் கைரேகை வைத்தால் அண்ணன் வருவான். வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் கமலக்கண்ணி அக்கா நிற்பார். புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார். "நீ சொல்லு கண்ணு" என்று என்னைப் பிடித்து இழுப்பார். நான்தான் "வரதப்பன்" என்று சொல்லிக் கைரேகை வைக்கச் சொல்வேன்.

எனக்கு வெளியில் யாரிடமும் பேச வராது. அந்த அறையில் மட்டும் பேசுவேன். அண்ணன் வக்கீலுக்கு ஆன செலவுக்காக ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள் நான். திரையில் இருந்த அண்ணன் ஒருநாள் அதைக் கேட்டான். "உன் படிப்ப நான் தின்னுட்டேன் பாப்பா. அத எப்படித் திருப்பிக் குடுப்பேன்?" என்றான். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் வந்துபோகலாம் என்று தோன்றியது.

இப்போது எதிரே நிற்பவனுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. காதோரம் நரைத்திருக்கிறது. திரையில் பார்த்தவன் உள்ளே போன வயதிலேயே இருந்தான். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், அதனால் உடம்பு கெடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா செத்ததைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன். அவன் அழவில்லை. "கொள்ளி யாரு வெச்சது?" என்றான்.

"நான்தான்."

"என்ன ஏன் கூப்பிடல?"

"பரோல் கேட்டேன். நீ வர விருப்பமில்லன்னு சொல்லிட்டதாச் சொன்னாங்க."

அண்ணன் நிறுத்தத்தின் தகரச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். நின்றிருந்தவர்கள் எல்லாம் விலகிப் போனார்கள்.

*

மறுவாழ்வு அதிகாரி சம்பந்தம் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். தனக்கு மட்டும் டீ வரவழைத்தார்.

"நீங்க மனு போட்டுப் பாத்தது உங்கண்ணனோட நிழல்மா" என்றார். "உள்ள போற அன்னைக்கே தலையில ஒரு கருவிய மாட்டி மூளைய அப்படியே படம் புடிச்சிருவோம். அதுலேர்ந்து கம்ப்யூட்டருக்குள்ள உங்கண்ணன மாதிரியே இன்னொரு பெரியாண்டவன். அதே நெனப்பு, அதே கோவம், அதே கொரலு. படிப்பு, தச்சு வேலை, மனநல ஆலோசனை எல்லாம் அதுக்குத்தான்."

"எங்கண்ணனுக்கு?"

"அவருக்கு எதுக்கு? அத்தன பேருக்கு வாத்தியாரு வெக்க எங்க போறது? உளியக் கையில குடுத்தா ஒருத்தன ஒருத்தன் குத்திக்குவான். நிழலுக்குன்னா ஒரு வாத்தியாரு போதும். செலவு இல்ல, ரத்தம் இல்ல."

"திருந்திட்டான்னு நீங்க குடுத்த சான்றிதழ்ல எங்கண்ணன் பேருதான சார் போட்டிருக்கு?"

"ஒரே ஆளுதானேம்மா!" சிரித்தார். "நிழல் திருந்திருச்சுன்னா, இந்த ஆளு திருந்தக்கூடியவருன்னு நிரூபணம் ஆயிடுச்சு. அதுக்கப்புறமும் திருந்தாம இருந்தா அது அவரு குத்தம். அரசாங்கம் என்ன பண்ணும்?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த நிழலுக்குத் தெரியுமா, தான் நிழலுன்னு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா பாடம் ஏறாதே. ஜெயில்ல இருக்கறதாதான் அது நெனைக்கும்."

"அப்ப நான் அங்க வந்து அழுததெல்லாம்?"

"அதுதாம்மா ரொம்ப உதவியா இருந்துச்சு. குடும்பத்தோட கண்ணீருக்கு ஈடா ஒரு பாடம் இல்ல. உங்கம்மா எறந்ததச் சொன்னீங்களே, அன்னைக்கு ஒரே நாள்ல எவ்வளவு முன்னேத்தம் தெரியுமா? உங்கண்ணன் நிழல் முதல் வகுப்பு."

ஏழு வருடத்து ஆத்திரத்தை எல்லாம் கொட்ட நினைத்தேன். கடைசியில் வந்தது ஒரு சின்னக் கேள்விதான். "தீபாவளிக்குத் தீபாவளி கவுண்டர்ல அதிரசம் குடுத்தேனே சார். அத யாரு தின்னா?"

சம்பந்தம் டீயைக் குடித்தார்.

நாங்கள் எழுந்தபோது நிபந்தனையைச் சொன்னார். தண்டனை பத்து வருடம். சான்றிதழ் இருந்ததால் அதில் மூன்று வருடத்தைக் கழித்து, ஏழு வருடத்தில் விட்டிருக்கிறார்கள். சான்றிதழில் உள்ள தொழிலில், அதாவது தச்சு வேலையில், ஒரு மாதத்துக்குள் சேர்ந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் கழித்த மூன்று வருடத்தையும் உள்ளே போய் இருக்க வேண்டும்.

*

ஜம்புலிங்கத்தின் மரப்பட்டறை எங்கள் தெருவுக்கு மூன்றாம் தெரு. அண்ணன் பேரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"பெரியாண்டவனா? எங்ககிட்டதான வேலை பாக்குறான்! கட்டில், அலமாரி, எல்லா டிசைனும் அவன்தான் போட்டுத் தர்றான். ஜெயில் துறையிலேர்ந்து நெழல வாடகைக்கு எடுத்திருக்கோம். தங்கமான பையம்மா. சம்பளம் கேக்க மாட்டான், எதுத்துப் பேச மாட்டான்."

"அவனோட அசலு நான்தான்" என்றான் அண்ணன். "எனக்கு வேலை குடு."

ஜம்புலிங்கம் மேலும் கீழும் பார்த்தார். ஓர் இழைப்புளியை எடுத்து நீட்டினார். மரத்தை இழைத்து வழவழப்பாக்கும் கருவி அது. அண்ணன் அதைக் கடப்பாரை பிடிப்பதுபோல் பிடித்தான். ஒரே அழுத்து. பலகை ஓரம் பிளந்து போயிற்று.

"நெழலுக்கு இருக்கற கையி அசலுக்கு இல்லியே!" என்றான் ஒருவன். பட்டறையே சிரித்தது.

அண்ணன் இழைப்புளியை வீசினான். அது சிரித்தவன் காலடியில் போய் விழுந்தது. நல்லவேளை, காலில் விழவில்லை. நான் அவனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கதவைச் சாத்தினால் கத்தினான். திறந்து வைத்தால் தூங்கமாட்டேன் என்றான். தட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு தின்றான். சாராயக் கடைச் சண்டையில் அவன் அடித்துக் கொன்ற மதுரவேலுவின் பேச்சு வந்தால், "அவனாலதாண்டி எல்லாம். அம்மாவ இழுத்துப் பேசுனான், வாங்கிக்கிட்டான்" என்பான். நேற்று அடித்தவன் போலச் சொல்வான். திரையில் இருந்தவனோ, "செத்தவனுக்கும் உன்ன மாதிரி ஒரு தங்கச்சி இருந்திருக்கும் பாப்பா. அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று கேட்டவன்.

ஒருநாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டை விசிறினான். சோறு சுவரில் வழிந்தது. நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அந்த நெழலு மாதிரி நீ ஏன் இருக்க மாட்டேங்குற?"

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கை ஓங்கவில்லை. சுவரில் வழிந்த சோற்றையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்கடி. என்னைய எண்ணுனாங்க. காலையில எண்ணுவாங்க, சாயந்தரம் எண்ணுவாங்க. ஆளு இருக்கா, இல்லியா, அவ்வளவுதான். வேற ஒரு வார்த்த எங்கிட்ட யாரும் பேசல."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நிழலுக்குத் தெரிந்ததை அண்ணனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அதை நிழலே செய்தால் என்ன?

*

மனு மையத்துக்கு அண்ணன் கூடவே வந்தான். ஆனால் அவன் எதற்கு வருகிறான் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. "அம்மாவுக்குக் கொள்ளி வெக்க வர மாட்டேன்னு சொன்னவன நான் ஒருதடவ நேர்ல பாக்கணும்" என்று வழியெல்லாம் பல்லைக் கடித்தான். மையத்தில் கைரேகை வைத்தது நான். அண்ணன் வெளியே வந்த பிறகும் என் பேரை அங்கே எடுத்துவிடவில்லை. அவன் கதவோரம் நின்றான்.

திரை வெளிச்சமானது. கையில் மரத்தூளோடு அவன் வந்து உட்கார்ந்தான். அதே இருபத்திரண்டு வயது முகம்.

"பாப்பா! ஏன் இத்தன நாளா வரல? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எனக்கு விடுதலைன்னு சொன்னாங்க, தெரியுமா? தேதி கூடப் போயிருச்சு. கட்டில் வேலை நெறைய இருக்கு, முடிச்சிட்டுப் போன்னு சொல்றாங்க. எப்ப விடுவாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

திருந்தியவன் உள்ளே இருக்கிறான். திருந்துவதற்கு யாரும் வழி காட்டாதவன் கதவோரம் நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ்.

அண்ணன் திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"யாரு பாப்பா இவரு? நம்ம சித்தப்பா சாடையில இருக்காரு?"

"ஆமாண்டா, ஒன் சித்தப்பன்தான் வந்திருக்கேன்" என்றான் அண்ணன். "ஒன் புருவத்துல இருக்கற தழும்பு எப்படி வந்துச்சு, சொல்லு."

"அம்மா கரண்டிய வீசுச்சு. நான் இந்தா இருக்காளே அஞ்சலாட்சி, இவ முட்டாயப் புடுங்கினேன்னு." சொல்லிக்கொண்டே அவன் புருவத்தைத் தொட்டான். எதிரே நின்றவனின் புருவத்தையும் பார்த்தான். தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன்தான் வெடித்தான். "அதெல்லாம் கெடக்கட்டும். எங்கம்மா சாவுக்கு வர மாட்டேன்னு சொல்ல நீ யார்றா?"

"சொல்லல." அவன் திரைக்கு அருகே வந்தான். "சத்தியமாச் சொல்லல. கால்ல விழுந்து கேட்டேன். வெலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க, தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துர்றேன்னு கேட்டேன். வழியில்லன்னுட்டாங்க. ஏன் வழியில்லன்னு இப்பதான் தெரியுது. கூட்டிட்டுப் போக எனக்கு ஒடம்பு ஏது? உள்ள ஒடம்போட நீ இருந்திருக்க. ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மொட்ட மட்டும் போட்டுவிட்டாங்க. மூணு நாள் சோறு எறங்கல எனக்கு."

அண்ணன் ஓங்கிய கையோடு நின்றான். பிறகு அந்த ஏ.சி. அறைத் தரையில் உட்கார்ந்தான். "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே வந்த நாளிலிருந்து வராத அழுகை அது. திரையில் இருந்தவனும் அழுதான். அண்ணன் அழுது ஓயும்வரை அவன் காத்திருந்தான். ஒருவன் அழும்போது எப்படிக் காத்திருப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "டேய், இழைப்புளி எப்படிப் புடிக்கறது?"

பையில் இருந்த என் சாப்பாட்டு டப்பாவை அண்ணன் இழைப்புளியாகப் பிடித்தான். நாற்காலிக் கைதான் மரம்.

"அழுத்தாத. ஒனக்குக் கோவம், மரத்துக்குத் தெரியுமா? தடவிப் பாரு. ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே போ. எதுத்துப் போனா பேந்துரும்."

"இப்படியா?"

"தோள எறக்கு. யாரும் ஒன்ன அடிக்க வரல. ம். அப்படித்தான்."

டப்பா நாற்காலிக் கையில் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பியது. ஏழு வருடத்தில் என் அண்ணனுக்குக் கிடைத்த பாடம் அது ஒன்றுதான்.

நேரம் முடியப்போகும் மணி அடித்தது. திரையில் இருந்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "என்னைய வெளிய விட மாட்டாங்க. அப்படித்தான பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் எங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னார்கள். என்னால் அவனுக்குச் சொல்ல முடியவில்லை. "ஆமாண்ணா" என்றேன்.

அவன் எழுந்து, பின்னால் கிடந்த முக்காலியைத் தூக்கினான். தானே செய்தது என்று ஒருமுறை எனக்குக் காட்டி மகிழ்ந்த முக்காலி. உள்ளேயிருந்து திரையை ஓங்கி அடித்தான். சத்தமே வரவில்லை. திரும்பவும் அடித்தான். முக்காலி உடைந்தது. திரை வெள்ளையாகிப் போனது.

*

அன்று சாயங்காலமே ஜம்புலிங்கம் பட்டறையில் அண்ணன் மன்னிப்புக் கேட்டான். கழிவுப் பலகை ஒன்றும் பழைய இழைப்புளி ஒன்றும் வாங்கிவந்தான். மறுநாள் முழுக்க வீட்டு வாசலில் உட்கார்ந்து இழைத்தான். கோணலாகத்தான் வந்தது. பிளக்கவில்லை. ஜம்புலிங்கம் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம வா, பாப்போம்" என்றார்.

திங்கட்கிழமைக்கு முன்பே சம்பந்தமும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

"நிழல் மறுபடி வன்முறையில எறங்கிருச்சும்மா. மனு மையத்துல பொருளை ஒடைச்சிருக்கு. சான்றிதழ் ரத்து. கழிச்ச மூணு வருஷம் பாக்கி."

"எங்கண்ணன் ஒண்ணுமே பண்ணலியே சார்! இங்க உக்காந்து மரம் இழைச்சிட்டிருந்தான் சார்!"

"ஒரே ஆளுதானேம்மா" என்றார் சம்பந்தம்.

திருந்திய ஒருவன் தனக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்து ஒரு முக்காலியை உடைத்தான். அதற்குப் பேர் மறுகுற்றம். ஒரு மனிதனை ஏழு வருடம் மூட்டைபோல அடுக்கி வைத்து எண்ணினார்கள். அதற்குப் பேர் மறுவாழ்வு. இந்த வார்த்தைகளை எந்த வாத்தியார் இவர்களுக்குச் சொல்லித்தந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் இழைப்புளியைத் துடைத்துத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தான். எதிர்க்கவில்லை. போலீஸ்காரர்களுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும். வண்டியில் ஏறும்முன் திரும்பிப் பார்த்தான்.

"மனு போடுவியா?"

"எல்லா மாசமும் வந்தேன்ணா."

"எனக்குத் தெரியிற மாதிரி வா."

*

அடுத்த மாதம் வரிசையில் கமலக்கண்ணி அக்காவுக்குப் பின்னால் நின்றபோது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரரு போன மாசம் எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டுனாரும்மா" என்றார். முறை வந்ததும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

உள்ளே போய்க் கைரேகை வைத்தேன். திரையில் அண்ணன் வந்தான். இருபத்திரண்டு வயது. கையில் மரத்தூள் இல்லை. கண்ணில் பழைய முரட்டுத்தனம். புதிதாகப் படம் எடுக்கச் செலவாகும் என்று பழைய படத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். எனக்காக அழுதவனை, அம்மாவுக்காக மொட்டை போட்டவனை, இழைப்புளி பிடிக்கச் சொல்லித்தந்தவனைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

அவன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அம்மா வரலியா?" என்றான்.

நான் சொல்ல வேண்டும். அவன் அழ வேண்டும். ஒரே நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும். மையத்துப் பெண் கதவைத் திறந்து, "பேசும்மா, நேரம் போவுது" என்றாள்.

எழுந்து வெளியே வந்தேன். சிறைச் சுவர் ஓரமாக நடந்து, ஜல்லி கொட்டிவைத்த மேட்டில் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட "உள்ளேன்" என்று சத்தமாகச் சொல்லாதவள் நான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை குரல் வந்தது.

"அண்ணா! அஞ்சலாட்சி வந்திருக்கேன்! அண்ணா! நான் வந்திருக்கேன்!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காவலர் ஒருவர் "ஏய், எறங்கு" என்று லத்தியை ஆட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் கமலக்கண்ணி அக்கா மூச்சு வாங்க மேடேறி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள கேக்குமா கண்ணு?"

"தெரியாதுக்கா."

அக்கா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். சுவரை ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயால் சொல்லாத அந்தப் பேரை, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"வரதப்பா!"